கொட்டமுத்து உலகின் கிழக்குத் தெரு

உன் கார்டு செவ்வாய்க்கிழமை வந்தது. மொத்தம் ஐந்து வரி. மேட்டூர் வந்து சேர்ந்து வேலையில் உட்கார்ந்துவிட்டாய் என்பது ஒரு வரி. ஆலைத் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளுக்குப் ப்ளான் போடும் வேலை முதல் வேலையாக உனக்குக் கிடைத்திருக்கிறது என்பது இன்னொரு வரி. தண்ணீர்க் குழாயைக் கடைசி வரிசைக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், கூட்டுகிறவர்களும் கக்கூஸ் கழுவுகிறவர்களும் இருக்கப்போகும் அந்தக் கடைசி வரிசையைச் சாக்கடைக்கு அப்பால் தள்ளிப் போட வேண்டும் என்று பெரிய டிராப்ட்ஸ்மன் சொல்கிறார் என்பது இரண்டு வரி. ‘என்ன செய்யட்டும் அப்பா’ என்பது கடைசி வரி. அதைப் படித்தவுடனே பதில் எழுதினேன். புதிய வேலை, யுத்த காலம், மேலே இருப்பவர் சொன்னபடி போடு என்று எழுதி, தபாலில் சேர்க்க எழுந்தேன். உன் அம்மா அதை வாங்கிப் படித்தாள். திருப்பித் தரவில்லை. “அவன் இன்னைக்குத்தான் கேக்கறானாக்கும்? பதனொரு வயசுலயே கேட்டானுங்களே. அதுக்கே இன்னும் நீங்க பதில் சொல்லலீங்க” என்றாள். அந்தக் கார்டு அடுப்புக்குப் போய்விட்டது. இது இரண்டாவது பதில். கார்டில் அடங்காது என்பதால் பள்ளிக்கூடத்துப் பழைய ஹாஜர் பட்டியலின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். காகிதம் கிடைக்கவில்லை.

அவள் சொன்னது கொட்டமுத்துவைப் பற்றி. நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் அதில் நடந்ததை நீயும் நானும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்போது நாம் வேலூரில் ஆற்றோரம் குடியிருந்தோம். எனக்கு முப்பது வயது. போர்டு ஸ்கூல் வாத்தியார், எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிறவன் என்று பெயர் வாங்கியவன். பத்திரம் எழுதும் செங்கோடனும் நானும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒன்று, ஒரே பிரதி. கதை, கட்டுரை முழுவதையும் செங்கோடன் தன் பத்திர எழுத்தில் எழுதித் தைப்பான். உள் அட்டையில் இருபத்து மூன்று வாசகர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொருவரும் ஒரு நாள் வைத்துப் படித்துவிட்டு, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு அடுத்தவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கடைசி நான்கு பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கும், வாசகர் அபிப்பிராயத்துக்காக. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை மண்டியின் மாடியில் எல்லோரும் கூடுவோம். அபிப்பிராயங்களைச் செங்கோடன் உரக்கப் படிப்பான். அந்தக் கதையையோ கட்டுரையையோ எழுதியவன் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதிலை அபிப்பிராயத்துக்குக் கீழே தன் கையால் எழுதவும் வேண்டும். இதுதான் எங்கள் சட்டம். சட்டம் போட்டவனே நான்தான்.

அதில் நான் நிலச்சுவான்தார்களைத் திட்டி எழுதுவேன். மண்டி மாடியை எங்களுக்கு இலவசமாக விட்டிருந்த, வெற்றிலைத் தோட்டமும் நிலமும் வைத்திருந்த கொடிக்கால்காரரே அவற்றைப் படித்துவிட்டு, “வாத்தியாரு இந்த மாசம் நம்மள நல்லா வெளுத்திருக்காரப்பா” என்று சிரிப்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. திட்டு வாங்குகிறவன் ஏன் சிரிக்கிறான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வேறொரு கிரகத்தில் நடக்கும் தொடர்கதை எழுதப்போகிறேன் என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டேன். சந்திரனுக்குப் போனால் தங்க மாளிகை, கதவைத் திறந்தால் நாட்டியமாடும் பெண்கள் என்று அப்போது எழுதிக்கொண்டிருந்தவர்கள் மேல் எனக்கு எரிச்சல். என் கிரகத்தில் மாளிகை கிடையாது. மழை எங்கே விழும், ஆறு எங்கே புறப்படும், மண் எங்கே கறுப்பு, எங்கே சிவப்பு, எந்தச் சரிவில் கம்பு விளையும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவேன் என்று சபதம் செய்தேன். எனக்குச் சித்திரம் வராது. உனக்கு வந்தது. எனவே கிரகத்தை வரைகிற பொறுப்பு உன்னிடம் வந்தது.

பின்கட்டில் துணி துவைக்கும் கல் இருந்ததே, அதுதான் நம் கிரகம். ஏரிக்கரையிலிருந்து செம்மண், ஆற்றிலிருந்து மணல், குயவரிடமிருந்து களிமண் கொண்டுவந்து அந்தக் கல்மேல் மலையும் சரிவுமாகக் குவித்தோம். தகர டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு மேலே பிடித்து மழை பெய்யவைத்தோம். தண்ணீர் தானாக எந்த வழியில் இறங்கியதோ அதுதான் ஆறு. நமக்குப் பிடித்த இடத்தில் ஆறு ஓட வேண்டுமென்று விரலால் கோடு கிழிக்கக் கூடாது என்பது என் கண்டிப்பு. இரண்டு தடவை ஆறு நடுவிலேயே நின்று தேங்கிவிட்டது. நீ அழப் பார்த்தாய். அது ஏரி, இருக்கட்டும் என்றேன். மூன்றாவது தடவைதான் கல்லின் விளிம்புவரை ஓடிக் கீழே சொட்டியது. நீ அதன் ஒவ்வொரு வளைவையும் நூலால் அளந்து தாளில் ஏற்றினாய். உன் வயதில் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இப்போதும் கிடையாது.

பெயர் வைக்கும்போது நமக்குள் சண்டை. நான் ஏதோ ஒரு மண்டலம் என்று வடமொழியில் நீளமாக வைத்திருந்தேன். ஆமணக்கு விதையை நம் பக்கம் சொல்கிறபடி கொட்டமுத்து என்றுதான் வைக்க வேண்டும் என்றாய் நீ. “பாருங்கப்பா, புள்ளி புள்ளியா, திட்டுத் திட்டா, அப்பிடியே கொட்டமுத்தாட்டந்தான் இருக்குது” என்று விதையைத் தாளின்மேல் வைத்தாய். தோற்றது நான். இரண்டு நிலா வேண்டுமென்று கேட்டதும் நீதான். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, “ரெண்டு நெலாவுன்னா அமாவாசையும் மாசத்துக்கு ரெண்டுங்களா? ரெண்டு தடவ தலைக்கு ஊத்தி ரெண்டு தடவ வெரதமிருக்கோணுமா? அந்த ஊருக்கு என்னக் கூப்புடாதீங்க சாமி” என்றாள்.

நம் ஊர் மாதிரி எதுவுமே இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். அதனால் சூரியனை மேற்கே உதிக்கவைத்தேன். நம் பக்கம் காற்று மேற்கிலிருந்து வருகிறது, அங்கே கிழக்கிலிருந்து வரட்டும் என்றேன். அப்படியானால் மழையை ஏந்தும் மலை கிழக்கே இருக்க வேண்டும். மலையின் அந்தப் பக்கம் மழை கொட்டும், இந்தப் பக்கம் சமவெளி காயும். காய்ந்த சமவெளியில் ஒரே ஓர் ஆறு, கிழக்கேயிருந்து மேற்கே. அதன் கரையில் ஊர். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. தொடர்கதைக்கு முன்னுரையாக ஒரு கட்டுரை, அதில் ஏழு பக்கம் காரணங்களாகவே எழுதினேன். மனிதர்களுக்கு நான்கு கை என்பது மட்டும் காரணம் இல்லாமல் நீ சேர்த்தது. உன் ஆசைக்காக விட்டேன்.

ஊரையும் நீயே வரைந்தாய். கடைவீதி, பள்ளிக்கூடம், கிணறு, வீடுகள் எல்லாம் ஒரே கொத்தாக. நான் பார்த்துவிட்டு, “வேலக்காரங்க தெரு எங்க கண்ணு? அதப் போடலயே” என்றேன். நீ தலையைத் தூக்காமல் சொன்னாய்: “நாலு கை இருக்குதுங்கல்லப்பா. அவங்கவங்க வேலைய அவங்கவங்களே செஞ்சுக்குவாங்க.” நான் சிரித்தேன். “எத்தன கை இருந்தாலும் வேலைக்கு ஆளு வேணுஞ்சாமி. ஊருக்குக் கெழக்க, கொஞ்சம் தள்ளிப் போடு” என்றேன். “அவங்களுக்குத் தண்ணி?” என்று கேட்டாய். “வாய்க்கால்ல எடுத்துக்குவாங்க, போடு” என்றேன். நீ போட்டாய். வாய்க்காலுக்கு அப்பால், இரண்டு வரிசைக் குடிசை. தாளின் மூலையில் ‘வரைந்தவர்’ என்று எழுதி உன் பெயரைப் போடச் சொன்னேன். உன் முகம் மலர்ந்தது. இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த உன் அம்மாவுக்கு எல்லாம் கேட்டது.

அந்த இதழ் கடைசியாக நம் வீட்டு முறைக்கு வந்த அன்று நீ அதை எடுத்துக்கொண்டு போய் லேபர் ஸ்கூல் வாத்தியார் மாணிக்கத்திடம் காட்டியிருக்கிறாய். சேரிப் பிள்ளைகளுக்காகச் சர்க்கார் வைத்திருந்த ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம் அது. மாணிக்கமும் அந்தச் சேரித் தெருவில் பிறந்து படித்து மேலே வந்தவர். தினமும் நம் வீட்டு வழியாக நடந்து போவார். நீ வாசலில் வரைவதைப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டியிருக்கிறார். முடிந்த படத்தை அவருக்குக் காட்ட வேண்டுமென்று உனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இருபத்து மூன்று பெயரையும் பட்டியலில் எழுதியவன் நான். அதே ஊரில் இருந்த, என்னைவிட அதிகம் படித்த ஒருவருடைய பெயர் என் கைக்கு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் முதலில் உள் அட்டையைத்தான் பார்த்தான். இருபத்து நான்காவதாக ஒரு கையெழுத்து இருந்தது. அவன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான். எனக்கு அது வரி தவறாமல் நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. ‘கட்டுரையாளர் ஒவ்வொரு மலைக்கும் காரணம் கொடுத்திருக்கிறார். சந்தோஷம். இந்த உலகில் சூரியன் மாறி உதிக்கிறது. காற்று மாறி வீசுகிறது. ஆறு மாறி ஓடுகிறது. வேலைக்காரர் தெரு மட்டும் நம் ஊரைப் போலக் கிழக்கிலேயே இருக்கிறது. நம் ஊரில் கேட்டால், காற்றும் தண்ணீரும் கிழக்கே போகின்றன, அதனால் அவர்களைக் கிழக்கே வைத்தோம் என்கிறார்கள். இந்த உலகில் கிழக்கு என்பது ஆறு புறப்பட்டு வரும் மேட்டுப்பக்கம். ஆகவே அவர்கள் முதலில் குளிப்பார்கள், ஊரார் பிறகு குடிப்பார்கள். கட்டுரையாளர் அப்படித்தான் நினைத்து வரைந்தாரா? இல்லையென்றால் அந்தத் தெரு கிழக்கே இருப்பதற்குக் காரணம் என்ன?’

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கொடிக்கால்காரர் படத்தைத் தன் பக்கம் திருப்பி விரலால் ஆற்றைத் தொட்டுக்கொண்டு போனார். “நெசந்தானப்பா. இவங்க மேல இருக்கறாங்க, ஊரு கீழ இருக்குது. அப்பறம் அவங்க கழுவுன தண்ணியவா நாம குடிக்கோணும்?” என்றார்.

“கெரகத்துலதானுங்களே” என்றான் செங்கோடன்.

“எந்தக் கெரகமா இருந்தா என்னப்பா? தண்ணி தண்ணிதான.”

இன்னொருவர், “மேக்க மாத்திப் போட்டுட்டாச் சரியாப் போச்சு” என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். இல்லாத உலகத்தில் இல்லாத ஆற்றின் தண்ணீருக்காகப் பதினைந்து பேர் உட்கார்ந்து ஒரு தெருவை இடம் மாற்றத் தீர்மானம் போட்டோம். இதை நான் வேறு யாராவது எழுதிப் படித்திருந்தால் மிகைப்படுத்துகிறான் என்றிருப்பேன்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டிய முறை என்னுடையது. நீ மூலையில் மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மாடிப்படிக்குக் கீழே, தெருவில், மாணிக்கம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். தன் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று கேட்க வந்தவர். மேலே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. நான் சொன்னேன்: “பையன் போட்டதுங்க. கெழக்கு மேக்குத் தெரியாமப் போட்டுட்டான். நான் சரியாப் பாக்கலீங்க.” எல்லோரும் சிரித்தார்கள். கொடிக்கால்காரர் எட்டி உன் தலையில் ஒரு குட்டு வைத்து, “கண்ட பக்கமெல்லாம் பொஸ்தகத்தத் தூக்கிட்டுப் போவியா?” என்றார். நான் தடுக்கவில்லை. செங்கோடன் உன்னிடம் பிளேடைக் கொடுத்தான். கிழக்கே இருந்த தெருவைச் சுரண்டிவிட்டு மேற்கே வரையச் சொன்னேன். சொன்னது செங்கோடன் அல்ல, நான். நீ சுரண்டினாய். தாள் மெல்லியது, ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையோடே மேற்கே இரண்டு வரிசைக் குடிசை போட்டாய். சுரண்டி முடிக்கும்வரை நீ என்னைப் பார்க்கவில்லை. முடித்த பிறகு ஒரு தடவை பார்த்தாய். மாணிக்கத்தின் அபிப்பிராயப் பக்கத்தைச் செங்கோடன் வெட்டி எடுத்துவிட்டான். இருபத்து நான்காவது கையெழுத்தின்மேல் மையைக் கொட்டினான். நான் ஜன்னல் வழியே பார்த்தபோது குடை தெருமுனைக்குப் போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்டாள்: “நீங்க சொன்னதத்தானுங்க பையன் போட்டான்?” நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். நீ அதற்குப் பிறகு கொட்டமுத்துவை வரையவில்லை. இரண்டாவது பகுதிக்குப் படம் கேட்டபோது, “எனக்கு வரைய வராதுங்கப்பா” என்றாய். துவைக்கும் கல்லில் இருந்த மலை அடுத்த மழையில் கரைந்தது. மாணிக்கத்தை ஒரு மாதம் கழித்துப் பரிசல் துறையில் பார்த்தேன். அவரே முதலில் பேசினார். “வாத்தியாருங்களே, உங்க கெரகத்துக்கு ஒரு ட்ரான்ஸ்பர் எழுதிப் போடலாம்னு இருந்தனுங்க. நாலு கைன்னு வேற எழுதியிருந்தீங்க, வசதியா இருக்கும்னு நெனச்சேன். அங்கயும் நமக்கு அதே எடத்தத்தான் பாத்து வெச்சிருக்கீங்க. அப்ப பரிசல் கூலி எதுக்கு வீணா, இங்கயே இருந்துக்கறேன்” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. உருப்படியாக எதையாவது சொல்லியிருந்தால் நினைவிருந்திருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கெட்ட எண்ணம் இருந்து அந்தத் தெருவைக் கிழக்கே போடச் சொல்லவில்லை. யோசிக்கவே இல்லை. சூரியனையே திருப்பிவைத்தவனுக்கு அந்தத் தெரு மட்டும் கண்ணில் படவில்லை. கெட்ட எண்ணம் இருந்தால்கூட யாராவது கண்டுபிடித்துத் தடுப்பார்கள். யோசிக்காமல் போட்டதை ஊரே சரியென்று சொல்லும், யாராவது கேட்டால் காற்று, தண்ணீர், சுகாதாரம் என்று பிறகு காரணம் தேடிக் கொடுப்பார்கள். உன் பெரிய டிராப்ட்ஸ்மனிடமும் காரணம் இருக்கும். குழாய்க்கு அழுத்தம் போதாது என்பார், இரும்புக்கு யுத்தத் தட்டுப்பாடு என்பார். நிஜமாகவே இருக்கலாம். அதனால் முதலில் அளந்து பார். கடைசி வரிசை இருக்கும் இடம் மேடா பள்ளமா என்று மட்டம் பிடி. பள்ளமாக இருந்தால் தண்ணீர் அங்கே தானாகவே போகும், அது உனக்குத் துவைக்கும் கல்லிலேயே தெரியும். பிறகு, எந்தக் காரணத்தால் குழாய் அங்கே நிற்கிறது, எந்தக் காரணத்தால் அந்த வரிசை சாக்கடைக்கு அப்பால் போகிறது என்று கேள். வாயால் கேட்காதே, மாணிக்கம் கேட்ட மாதிரி எழுதிக் கேள். வாயால் சொன்ன பதிலை மறுநாள் யார் தலையிலும் போடலாம். நான் போட்டேன்.

எழுதிக் கேட்டால் வேலை போகாது என்று நான் சொல்லமாட்டேன். போகலாம். யுத்தம் முடிந்தால் ஆட்களைக் குறைப்பார்கள், கேள்வி கேட்டவன் பெயர் முதலில் இருக்கும். உனக்கு இருபது வயது, அந்த வேலைக்காக எவ்வளவு அலைந்தாய் என்பது எனக்குத் தெரியும். நான் மண்டி மாடியில் பயந்தது வேலைக்காகக்கூட இல்லை, நான்கு பேர் சிரிப்பார்களே என்பதற்காக. அந்த லட்சணத்தில் இருக்கிறவனுக்கு உன்னைத் தைரியமாக இரு என்று சொல்ல யோக்கியதை இல்லை. உன் அம்மா சொல்லச் சொன்னதை எழுதுகிறேன்: “வேல போச்சுன்னா ஊட்டுக்கு வரட்டும். பொழைக்கறதுக்கு நாலு கையா கேக்குது, ரெண்டு கை போதும்.” முடிவு உன்னுடையது. எதை முடிவு செய்தாலும், நீ நம்பாத ஒன்றை வரைந்து அதன் மூலையில் உன் பெயரைப் போடாதே. அவர்தான் போடச் சொல்கிறார் என்றால் அவரே வரைந்து அவர் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும்.

செங்கோடன் வெட்டி எடுத்த பக்கத்தையும் உன் படத்தையும் பத்திரிகை நின்றுபோனபோது நான் கேட்டு வாங்கி, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். ஒன்பது வருஷம் ஆயிற்று. அபிப்பிராயத்துக்குக் கீழே என் பதிலுக்கான இடம் காலியாகவே இருந்தது. நேற்று அதில் எழுதினேன்: ‘காரணம் எதுவும் இல்லை. போடச் சொன்னது நான்.’ இரண்டே வாக்கியம், அதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. மாணிக்கம் இப்போது ராசிபுரத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுக்கப்போகிறேன். வாங்கிக்கொள்வாரா, பரிசல் துறையில் சொன்ன மாதிரி ஏதாவது சொல்வாரா, தெரியவில்லை. சொன்னால் கேட்டுக்கொண்டு வருவேன்.

படம் உன்னுடையது, அதனால் உனக்கு அனுப்புகிறேன். கிழக்கே ஓட்டை அப்படியே இருக்கிறது, ஒட்ட முயற்சி செய்யவில்லை. மூலையில் ‘வரைந்தவர்’ என்று இருக்கும் இடத்தில் உன் பெயருக்குக் கீழே, ‘வரையச் சொன்னவர்’ என்று எழுதி என் பெயரைப் போட்டிருக்கிறேன். மை புதியது என்பதால் வித்தியாசமாகத் தெரியும். தெரியட்டும்.

அப்பா